போன் வாங்கும் முன் வீட்டில் டவரைப் பாருங்கள்: பேண்டு, சிக்னல், வேகம்

கடையில் நின்று கேமரா எத்தனை மெகாபிக்சல், ரேம் எவ்வளவு, சார்ஜர் எத்தனை வாட் என்று எல்லாம் விசாரிக்கிறோம். நெட் வேகத்துக்கு மட்டும் "5ஜி போன்தானே?" என்று கேட்டுவிட்டு விட்டுவிடுகிறோம். வீட்டுக்கு வந்து சிம்மைப் போட்டால், வாசலில் பறக்கிற நெட் படுக்கையறையில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குப் போன் காரணமாக இருக்கலாம், சிம் கம்பெனி காரணமாக இருக்கலாம், வீட்டுச் சுவரும் காரணமாக இருக்கலாம். எது என்று தெரியாமல் இன்னும் விலை கூடிய போனை வாங்கினால் பணம்தான் போகும்.

அதனால் வரிசையை மாற்றுங்கள். உங்கள் வீட்டில் எந்தக் கம்பெனியின் டவர், எந்த பேண்டில், எவ்வளவு பலமாக எட்டுகிறது என்பதை முதலில் பாருங்கள். அந்த பேண்டுகள் உள்ள போனைப் பிறகு தேடுங்கள். வாங்கியதும் வேகத்தை முறையாக அளந்து சரிபாருங்கள். இந்தியாவில் உள்ள நான்கு கம்பெனிகளை வைத்தே இங்கே சொல்கிறோம்.

பேண்டு தெரியாமல் போன் வாங்காதீர்கள்

டவரும் போனும் பேசிக்கொள்ளும் அலைவரிசைக்குத்தான் பேண்டு என்று பெயர். அலைவரிசை குறையக் குறைய அலை தூரம் போகும், சுவரைத் தாண்டி உள்ளே வரும். ஆனால் அதில் கொள்ளளவு குறைவு. அலைவரிசை கூடக் கூட வேகம் கூடும், சுவரில் அடிபட்டு நின்றுவிடும். 700 மெகாஹெர்ட்ஸ் கான்கிரீட் வீட்டின் உள்ளறை வரை வரும். 3,500 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய 5ஜி அலை மொட்டை மாடியில் அபாரமாக இருக்கும், கீழ்த்தள நடு அறையில் பல நேரம் கிடைக்கவே கிடைக்காது.

ஜியோவின் 4ஜி பேண்டு 3, 5, 40 ஆகியவற்றில் ஓடுகிறது. இதில் 5 என்பது 850 மெகாஹெர்ட்ஸ், வீட்டுக்குள் கைகொடுப்பது இதுதான். ஜியோவின் 5ஜிக்கு என்28, என்78 இரண்டும் வேண்டும். என்28தான் அந்த 700 மெகாஹெர்ட்ஸ். 2022 ஏலத்தில் ஜியோ நாடு முழுவதற்கும் எடுத்தது. ஏர்டெல் 4ஜிக்கு 1, 3, 8, 40. 5ஜிக்கு முக்கியமாக என்78. வோடஃபோன் ஐடியா 4ஜிக்கு 1, 3, 8, 41, 5ஜிக்கு என்78. பிஎஸ்என்எல் புதிய 4ஜியை 700 மெகாஹெர்ட்ஸ் பேண்டு 28இலும் 2,100 மெகாஹெர்ட்ஸ் பேண்டு 1இலும் கொடுக்கிறது. ஊருக்கு ஊர் எல்லா பேண்டும் இருக்காது, எனவே கீழே சொல்லும் முறையில் உங்கள் இடத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிஎஸ்என்எல் சிம்மை நம்பி இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பழைய மலிவு விலை 4ஜி போன்கள் சிலவற்றில் பேண்டு 28 கிடையாது. டவர் பக்கத்திலேயே இருந்தாலும் அந்தப் போனுக்கு அது தெரியாது. "பிஎஸ்என்எல்லில் நெட் வரலை" என்ற புகாரில் ஒரு பகுதி இப்படிப் போனில் பேண்டு இல்லாததால் வருவது.

வீட்டில் டவரை அளப்பது

மேலே தெரியும் சிக்னல் கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை டிபிஎம்முக்கு (சிக்னல் பலத்தை அளக்கும் அலகு) எத்தனை கோடு என்பதைப் போன் கம்பெனிகள் அவரவர் விருப்பப்படி வைத்திருக்கின்றன. ஒரு போனின் நான்கு கோடு இன்னொரு போனில் இரண்டாக இருக்கலாம். எண்ணைப் பாருங்கள்.

ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரிலிருந்து நெட்மான்ஸ்டர் என்ற ஆப்பை இறக்கி, லொகேஷன் அனுமதி கொடுத்துத் திறந்தால் போதும். இப்போது பிடித்திருக்கும் டவரின் பேண்டு எண், ஆர்எஸ்ஆர்பி, எஸ்என்ஆர் எல்லாம் வரும். ஆப் வேண்டாம் என்றால் செட்டிங்ஸில் அபௌட் போன், அதில் சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் பல போன்களில் சிக்னல் ஸ்ட்ரெங்த் டிபிஎம் கணக்கில் இருக்கும். ஐபோனில் டயல் செய்யும் இடத்தில் *3001#12345#* என்று அடித்து கால் பட்டனை அழுத்தினால் ஃபீல்டு டெஸ்ட் திறக்கும்.

ஆர்எஸ்ஆர்பி என்பது டவரின் குரல் எவ்வளவு சத்தமாகக் காதில் விழுகிறது என்பது. எண் எப்போதும் மைனஸில் இருக்கும். -80 அல்லது அதைவிட மேல் என்றால் அருமை. -90 வரை நல்லது. -100 வரை வேலை நடக்கும். -110ஐத் தாண்டிவிட்டால் கால் துண்டாகும், பேட்டரி வேகமாகத் தீரும். இதில் 10 எண் குறைவது சின்ன விஷயம் இல்லை: -85இலிருந்து -95க்கு வந்தால் வந்து சேரும் சக்தி பத்தில் ஒரு பங்காகிறது. 3 குறைந்தால் பாதி.

எஸ்ஐஎன்ஆர் என்பது சுற்றியுள்ள இரைச்சலுக்கு நடுவே அந்தக் குரல் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பது. சில ஆப்களில் எஸ்என்ஆர் என்று போட்டிருக்கும். 20க்கு மேல் மிக நன்று, 13க்கு மேல் நல்லது, 0க்குக் கீழே போனால் சத்தம் இருந்தும் புரியாத நிலை. இரண்டு டவருக்குச் சரி நடுவில் இருக்கும் வீடுகளில் இது நடக்கும். கோடு முழுசாக இருக்கும், நெட் நகராது.

ஒரு தாளை எடுத்துக்கொண்டு வீட்டில் நீங்கள் உண்மையில் போன் பார்க்கும் நான்கு இடங்களில் நில்லுங்கள். கட்டில் பக்கம், பிள்ளைகள் படிக்கும் மேசை, சமையலறை, வாசல். ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடம் காத்திருந்து பேண்டு, ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் மூன்றையும் எழுதுங்கள். எண் ஆடிக்கொண்டே இருக்கும், அடிக்கடி வருகிற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டிலோ சொந்தக்காரரிடமோ வேறு கம்பெனி சிம் இருந்தால் அதே நான்கு இடங்களில் அதையும் அளந்துவிடுங்கள். அரை மணி நேர வேலைதான்.

இந்தத் தாள்தான் போனைத் தேர்வு செய்யும். கட்டில் பக்கம் 850 அல்லது 900 மட்டுமே எட்டுகிறது, 5ஜி வாசலோடு நின்றுவிடுகிறது என்று தெரிந்தால், 5ஜிக்காக மட்டும் 5,000 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதில் அர்த்தம் இல்லை. நல்ல 4ஜி மோடம் (டவரோடு பேசும் பாகம்) உள்ள போனும் ஜன்னலோரம் ஒரு மேசையும் அதைவிட உதவும்.

போனில் என்ன பார்க்க வேண்டும்

போனின் பெயரை வைத்துத் தேடாதீர்கள், மாடல் எண்ணை வைத்துத் தேடுங்கள். ஒரே பெயரில் இந்தியாவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று என்று விற்பார்கள், பேண்டுகள் வேறுபடும். பெட்டியின் பின்புறத்தில் மாடல் எண் இருக்கும். அதைக் கம்பெனியின் இந்திய இணையதளத்தில் போட்டு, நெட்வொர்க் பகுதியில் 4ஜி, 5ஜி பேண்டுகளைத் தாளோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து, 5ஜியில் எஸ்ஏ, என்எஸ்ஏ என்று இரண்டு வகை. எஸ்ஏ என்பது தனித்து நிற்கும் 5ஜி, ஜியோ இதில் ஓடுகிறது. என்எஸ்ஏ என்பது 4ஜியின் தோளில் ஏறி நிற்கும் 5ஜி, ஏர்டெல் 2022இல் இதில்தான் தொடங்கியது. போனில் இரண்டும் இருக்க வேண்டும். இருந்துவிடும் என்று நினைக்க வேண்டாம்: 2024 நவம்பரில் வந்த ரெட்மி ஏ4 5ஜியில் உள்ள ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2 சிப் எஸ்ஏ மட்டுமே பிடிக்கும். ஜியோவில் 5ஜி வரும். என்எஸ்ஏ 5ஜி உள்ள இடத்தில் ஏர்டெல் சிம் 4ஜியிலேயே நிற்கும். அடுத்த மாதம் வந்த போக்கோ சி75 5ஜியும் அதே சிப், அதே கதை. 10,000 ரூபாய்க்குக் கீழே உள்ள 5ஜி போன்களில் எஸ்ஏ, என்எஸ்ஏ என்ற இந்த வரியைத் தேடிப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

4ஜியில் கேரியர் அக்ரிகேஷன் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு மூன்று பேண்டுகளை ஒரே நேரத்தில் சேர்த்து இழுக்கும் வசதி அது. இது இருந்தால் நெரிசலான நேரத்திலும் ஓரளவு வேகம் நிற்கும். மேலே 4ஜி பிளஸ் என்று வருவது இது வேலை செய்வதைத்தான் காட்டுகிறது.

வெளிநாட்டிலிருந்து மாமாவோ அக்காவோ போன் கொண்டுவருகிறார்கள் என்றால் மூன்றைக் கேட்டுவிடுங்கள். ஒன்று, கம்பெனி லாக். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போனால் கேரியர் லாக் என்ற இடத்தில் சிம் கட்டுப்பாடு இல்லை என்று ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். இரண்டு, சிம் போடும் இடம். ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடல்களில் சிம் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான். மூன்று, இந்தியக் கம்பெனிகளில் வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாகவே கால் பேசும் வசதி, வேலை செய்கிறதா என்பது. இதுதான் பலரை மாட்டிவிடுவது. ஜியோவில் 2ஜி, 3ஜி இல்லை; வோல்ட்டி இல்லாத போனில் நெட் ஓடும், சாதாரண கால் போகாது. அப்படிப்பட்ட போன் ஏர்டெல்லில் கால் வந்ததும் 2ஜிக்கு இறங்கி, பேசி முடிக்கும்வரை நெட் நின்றுவிடும்.

"நெட் ஸ்லோ" என்று சொல்வது சில நேரம் உண்மையில் ஸ்டோரேஜ் ஸ்லோ. ஆப் டவுன்லோடு 100 சதவீதம் ஆன பிறகு இன்ஸ்டால் ஆக நீண்ட நேரம் எடுத்தால் அதற்கும் டவருக்கும் சம்பந்தம் இல்லை. ஸ்டோரேஜ் வகையில் இஎம்எம்சி 5.1 என்று போட்டிருந்தால் தவிருங்கள், யுஎஃப்எஸ் 2.2 குறைந்தபட்சம், 3.1 இருந்தால் நல்லது. ரேம் 6 ஜிபி போதும், நான்கு வருடம் வைத்திருப்பவர்களுக்கு 8 ஜிபி. "8 + 8 ஜிபி ரேம்" என்று எழுதியிருப்பதில் இரண்டாவது எட்டு ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்குவது. அதற்குக் காசு கொடுக்க வேண்டாம். எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் தருகிறார்கள் என்பதைக் கட்டாயம் கேளுங்கள், மோடம் சாஃப்ட்வேர் திருத்தங்களும் அப்டேட்டோடுதான் வரும். ஐபோன் 12க்கு மேற்பட்டவற்றில் இந்தியாவில் 5ஜி வந்ததே 2022 டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 அப்டேட்டில்தான்.

பழைய போன் வாங்குகிறீர்களா? *#06# அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனின் அடையாள எண், வரும். பெட்டியிலும் பில்லிலும் உள்ளதோடு அதை ஒப்பிடுங்கள். பிறகு கேஒய்எம் என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி ஆப்பிலும் இதே வசதி உண்டு. பிளாக்லிஸ்ட் என்றோ, டூப்ளிகேட் என்றோ, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்றோ பதில் வந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். திருட்டுப் போனாக இருக்கலாம். முடக்கிவிட்டால் எந்தச் சிம்மும் அதில் ஓடாது.

வேகத்தை முறையாக அளப்பது

அளப்பதற்கு முன் ஐந்து நிமிடத் தயாரிப்பு. வைஃபையை அணைத்துவிடுங்கள், வைஃபையோடு அளந்துவிட்டுச் சிம்மைத் திட்டுவது சாதாரணமாக நடக்கிறது. விபிஎன், டேட்டா சேவர், பேட்டரி சேவர் மூன்றும் ஆஃப். பேட்டரி சேவர் பல போன்களில் 5ஜியையே நிறுத்திவிடும், ஐபோனின் லோ பவர் மோடும் அப்படித்தான். இரண்டு சிம் இருந்தால் டேட்டா எந்தச் சிம்மில் ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிளே ஸ்டோர் பின்னால் எதையாவது அப்டேட் செய்துகொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். போன் சூடாக இருந்தால் ஆற விடுங்கள். வெயிலில் வண்டியில் வைத்திருந்த போன் தன்னைக் காத்துக்கொள்ள 5ஜியை விட்டு 4ஜிக்கு இறங்கிவிடும். கடைசியாக ஏரோபிளேன் மோடை 10 விநாடி போட்டு எடுங்கள். போன் புதிதாக டவரைத் தேடிப் பிடிக்கும்.

அன்றைய டேட்டா மீதி இருக்கிறதா என்று கம்பெனி ஆப்பில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தினசரி அளவு முடிந்துவிட்டால் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்கப்படும், அளவுகோலில் 0.06 என்று வரும். டெஸ்ட்டும் டேட்டாவைத் தின்னும். 400 எம்பிபிஎஸ் வரும் 5ஜியில் 10 விநாடி டவுன்லோடு அளந்தால் 500 எம்பி போய்விடும். 4ஜியில் 30 எம்பிபிஎஸ் என்றால் 40 எம்பிக்குள் முடியும். அன்லிமிடெட் 5ஜி இல்லாத திட்டத்தில் இருப்பவர்கள் மூன்று முறை அழுத்தினால் அன்றைய 1.5 ஜிபி காலி.

ஒரே ஓர் ஆப்பை நம்பாமல் இரண்டில் பாருங்கள். ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட் பக்கத்தில் உள்ள சர்வரைத் தானே தேர்வு செய்யும். அது பல நேரம் உங்கள் கம்பெனியின் சொந்த சர்வராகவே இருக்கும். அப்போது அளக்கப்படுவது கம்பெனியின் வாசல் வரை உள்ள வேகம் மட்டும். சர்வரை மாற்றி, வேறு ஒருவருடையதை எடுத்து இன்னொரு முறை அளங்கள். அதிலேயே மல்டி, சிங்கிள் என்று இரண்டு முறை உண்டு. மல்டி பல குழாய்களைத் திறந்து மொத்தக் கொள்ளளவைக் காட்டும்; சிங்கிள் ஒரே கோப்பு இறங்கும் வேகத்தைக் காட்டும். இரண்டாவதற்கு ஃபாஸ்ட் டாட் காம். அது நெட்ஃபிளிக்ஸின் சர்வரிலிருந்து இறக்கிப் பார்ப்பதால் வீடியோ எப்படி ஓடும் என்பதற்கு நெருக்கமான எண் தரும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மைஸ்பீட் ஆப்பில் அளந்தால் முடிவை நேராக டிராய்க்கே அனுப்பலாம்.

காலை 6 மணி, மதியம், இரவு 9 மணி என்று மூன்று வேளை அளங்கள். ஒவ்வொரு வேளையும் மூன்று முறை. நடுவில் உள்ள எண்ணை எடுங்கள், பெரிய எண்ணை அல்ல. இரவு 9 மணி எண்தான் நீங்கள் வாழப்போகும் வேகம்.

எம்பிபிஎஸ் என்பது மெகாபிட், டவுன்லோடில் காட்டுவது மெகாபைட். எட்டால் வகுக்க வேண்டும். 25 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு 3 எம்பி சொச்சம். 1 ஜிபி படம் இறங்க ஐந்தரை நிமிடம் ஆகும். யூடியூபில் 1080பி பார்க்க 5 எம்பிபிஎஸ் போதும், 4கே பார்க்க 20 வேண்டும். ஆகவே 300க்கும் 500க்கும் உள்ள வித்தியாசத்துக்காக மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 3க்கும் 8க்கும் உள்ள வித்தியாசம்தான் வாழ்க்கையை மாற்றுவது.

பிங் என்ற எண்ணையும் பாருங்கள், சர்வருக்குப் போய்த் திரும்பி வர ஆகும் நேரம் அது. 50 மில்லிவிநாடிக்குள் இருந்தால் விளையாட்டும் வீடியோ காலும் சுகம், 100ஐத் தாண்டினால் பேச்சு முந்திப் பிந்தி வரும். டவுன்லோடு நடக்கும்போது பிங் எவ்வளவு என்று ஸ்பீட்டெஸ்ட் தனியாகக் காட்டும். அது 500, 600 என்று ஏறினால், ஹாட்ஸ்பாட்டில் ஒருவர் படம் இறக்கும்போது மற்றவரின் ஆன்லைன் வகுப்பு துண்டாகும்.

இரண்டு போன்களை ஒப்பிடுவதென்றால் ஒரே சிம்மை மாற்றிப் போட்டு அளங்கள், வேறு வேறு சிம் வேண்டாம். முதல் போன், இரண்டாவது போன், மறுபடி முதல், மறுபடி இரண்டாவது என்று மாற்றி மாற்றி, ஒரே மேசையில், அடுத்தடுத்து. டவரின் நெரிசல் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஒரு போனை மூன்று முறை அளந்து முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தால் ஒப்பீடு கெட்டுவிடும்.

எண் கெட்டால் எங்கே கோளாறு

ஆர்எஸ்ஆர்பி -85, எஸ்ஐஎன்ஆரும் நன்று, ஆனால் இரவில் மட்டும் 2 எம்பிபிஎஸ். டவரில் கூட்டம். போனை மாற்றிப் பயனில்லை, கம்பெனியை மாற்றுவதுதான் வழி.

ஆர்எஸ்ஆர்பி நன்று, எஸ்ஐஎன்ஆர் 3க்குக் கீழே. டவர்கள் ஒன்றையொன்று குழப்புகின்றன. எதிர்ப்பக்க ஜன்னலுக்கு நகர்ந்து பாருங்கள். பல நேரம் இரண்டு மீட்டர் நகர்ந்தாலே 10 எண் ஏறும்.

டவுன்லோடு ஓடுகிறது, அப்லோடு மட்டும் தள்ளாடுகிறது. டவர் தூரத்தில் இருக்கிறது. டவரின் குரல் உங்களுக்குக் கேட்கிறது, உங்கள் போனின் குரல் அங்கே எட்டவில்லை. போனின் அனுப்பும் சக்தி சாதாரணமாக 200 மில்லிவாட்தான். வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்ப முடியாமல் சுற்றுவதும், பேட்டரி மதியத்துக்குள் இறங்குவதும் இதே காரணத்தால்தான்.

5ஜி என்று மேலே இருக்கிறது, வேகம் 4ஜிபோல. என்எஸ்ஏவில் அந்தக் குறி "இந்த டவரில் 5ஜி உண்டு" என்று மட்டும் சொல்லக்கூடும். டேட்டா 4ஜியிலேயே போய்க்கொண்டிருக்கலாம். நெட்மான்ஸ்டரில் எல்டிஇ (4ஜி) வரிக்குக் கீழே என்ஆர் (5ஜி) என்று இன்னொரு வரி இருக்கிறதா பாருங்கள்.

ஒரே இடத்தில் ஒரே சிம் ஒரு போனில் ஓடி இன்னொன்றில் ஓடவில்லை என்றால், மொபைல் நெட்வொர்க் அமைப்பில் 5ஜி, 4ஜி ஆட்டோ என்று இருக்கிறதா, ஏபிஎன் (கம்பெனியின் நெட்டுக்குள் நுழையும் வாசலின் பெயர்) சரியா என்று பாருங்கள். ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட், ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம். ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல். கையால் அடிக்கப் பயமாக இருந்தால் ஏபிஎன் பக்கத்தில் ரீசெட் கொடுத்தால் தானாக வந்துவிடும். அதன் பிறகும் இல்லை என்றால் அந்தப் போனில் பேண்டு இல்லாமல் இருக்கலாம்.

ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்புக்கு வேகம் வரவில்லை என்றால் ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸை 5 கிகாஹெர்ட்ஸாக மாற்றுங்கள். அடுக்குமாடியில் 2.4 முழுக்க அக்கம்பக்கத்து வைஃபைகளால் நிரம்பியிருக்கும்.

கோளாறு கம்பெனியுடையது என்று எண்கள் சொன்னால் 198க்கு அழைத்துப் புகார் பதிந்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். "நெட் ஸ்லோ" என்று சொல்லாதீர்கள். "இந்தத் தெருவில் மூன்று நாளாக இரவு 9 மணிக்கு ஆர்எஸ்ஆர்பி -84, வேகம் 1.8, ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது" என்று சொல்லுங்கள், டவர் இன்ஜினியர் வரை போகும் புகார் இப்படித்தான் இருக்கும். தீர்வு வராவிட்டால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம்.

மாறுவதென்று முடிவு செய்தால், தாளில் இரவு 9 மணி எண் நன்றாக உள்ள கம்பெனிக்கே மாறுங்கள். போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, உங்கள் 10 இலக்க எண்ணைச் சேர்த்து 1900க்கு அனுப்பினால் யுபிசி என்ற 8 எழுத்து எண் வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாளுக்குச் செல்லும். இப்போதைய கம்பெனியில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும், போஸ்ட்பெய்டு பில் பாக்கி இருக்கக் கூடாது. யுபிசி கேட்பதற்கு முன், மாறப்போகும் கம்பெனியின் சிம் ஒன்றை யாரிடமாவது கடன் வாங்கி, உங்கள் போனில் போட்டு, கட்டில் பக்கம் ஓர் இரவு அளந்துவிடுங்கள்.